வாசகர் கேள்வி–பதில்: தெற்கே நீளும் எரிவாயுக் குழாய்

எண்ணூரிலிருந்து தூத்துக்குடி வரையிலும், கொங்கு மாவட்டங்கள் வழியாகவும் அமையும் இயற்கை எரிவாயுக் குழாய்ப் பாதைகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுள் சில இம்முறை இடம்பெறுகின்றன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்கள் ஒரு கேள்வியாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

குஜராத்திலும் வடமாநிலங்களிலும் 1980-களிலேயே எரிவாயுக் குழாய் வந்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை தாமதம்?
– கல்லூரி மாணவர், மதுரை

எரிவாயுக் குழாய் தானாக எந்த ஊரையும் தேடி வருவதில்லை. ஒரு முனையில் போதிய வாயுவும் மறுமுனையில் அதைத் தினமும் வாங்கக்கூடிய பெரிய ஆலைகளும் இருந்தால்தான் நடுவில் குழாய் பதிக்க யாரும் பணம் போடுவார்கள். மும்பைக் கடற்பகுதியில் கிடைத்த வாயு குஜராத்தின் ஹசீராவில் கரையேறியது. அதை உள்நாட்டு உர ஆலைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் கொண்டுசெல்ல ஹசீரா–விஜய்ப்பூர்–ஜகதீஷ்பூர் பாதை திட்டமிடப்பட்டது. அந்தப் பாதையை அமைப்பதற்காகவே 1984-ல் கெயில் நிறுவனம் தொடங்கப்பட்டது. வாயு, வாங்குபவர், பாதை ஆகிய மூன்றும் அங்கே ஒரே காலத்தில் அமைந்தன.

நம் பக்கம் காவிரிப் படுகையில் வாயு கிடைத்தது உண்மைதான். ஆனால் நரிமணம், குத்தாலம் போன்ற இடங்களில் கிடைத்த அளவு அருகிலுள்ள ஆலைகளுக்கும் திருமாகோட்டை, குத்தாலம், வழுதூர் மின்நிலையங்களுக்குமே சரியாக இருந்தது. அதனால் அங்கே சிறு சிறு உள்ளூர்க் குழாய்கள் அமைந்தனவே தவிர, மாநிலத்தை இணைக்கும் பாதை உருவாகவில்லை. வெளிநாட்டிலிருந்து திரவ வடிவில் வாயுவை இறக்குமதி செய்ய முனையம் ஏற்பட்ட பிறகுதான் நிலைமை மாறியது. வாயுவைச் சுழியத்துக்குக் கீழே 162 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்தால் அது திரவமாகி, பருமன் ஏறத்தாழ 600-ல் ஒரு பங்காகச் சுருங்கும். கப்பலில் ஏற்ற முடிவது அதனால்தான்.

இங்கே கொச்சியின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளக்கூடிய முனையம் புதுவைப்பில் 2013-ல் தயாராகிவிட்டது. அதிலிருந்து வாயுவை எடுத்துச் செல்ல வேண்டிய நெடுங்குழாய் தயாராகவில்லை. பல்லாயிரம் கோடி ரூபாய் முதலீடு, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குகூடப் பயன்படாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. 450 கிலோமீட்டர் நீளமுள்ள கொச்சி–மங்களூரு பாதை 2021 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. அதே கொள்ளளவுடன் 2019-ல் தொடங்கிய எண்ணூர் முனையத்துக்கு இந்தக் கதி நேரவில்லை. பக்கத்திலேயே மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் இருந்ததால், சிறு தூரக் குழாயைக் கொண்டே விற்பனையைத் தொடங்க முடிந்தது. நாப்தா எனும் பெட்ரோலியத் திரவத்தை நம்பியிருந்த மணலி உர ஆலை அந்த ஆண்டிலேயே இயற்கை எரிவாயுவுக்கு மாறியது.

அதன்பின் பாதை துண்டு துண்டாக வந்தது. இராமநாதபுரம்–தூத்துக்குடி 143 கிலோமீட்டர் 2021 பிப்ரவரியிலும், எண்ணூர்–செங்கல்பட்டு 115 கிலோமீட்டரும் திருவள்ளூர்–பெங்களூரு 271 கிலோமீட்டரும் 2022 மே மாதத்திலும், செங்கல்பட்டு–சாயல்குடி 488 கிலோமீட்டர் 2024 ஜனவரியிலும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. திறப்பு விழாக்களில் கிலோமீட்டர் கணக்குக்குத்தான் கைதட்டல் கிடைக்கும். பிரதானக் குழாயிலிருந்து தொழிற்பேட்டைக்கும் தெருவுக்கும் கிளை பிரியும் கடைசிச் சில கிலோமீட்டர்களில்தான் இன்று வேலை தேங்கி நிற்கிறது என்பது என் கருத்து.

எங்கள் தோட்டத்தின் வழியே எரிவாயுக் குழாய் போகப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. நிலத்தை எடுத்துக்கொள்வார்களா? மறுக்க முடியுமா? இழப்பீடு எப்படிக் கணக்கிடுவார்கள்? பிறகு அங்கே தென்னை வைக்கலாமா?
– விவசாயி, பெருந்துறை

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். தவறான தகவல்கள் அதிகம் உலவுவதும் இதில்தான்.

நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், பட்டா மாறாது. பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் தொடர்பான 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு பெறுவது நிலத்தின் உடைமையை அன்று, நிலத்தடியில் குழாய் பதித்துப் பராமரிக்கும் பயன்பாட்டு உரிமையை மட்டுமே. முதலில் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி அரசிதழில் அறிவிப்பு வெளியாகும். அதில் உங்கள் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, எடுக்கப்படும் பரப்பு ஆகியவை இருக்கும். அவற்றைச் சிட்டாவோடும் புலப்படத்தோடும் வைத்துச் சரிபார்ப்பதே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை. உட்பிரிவு எண் மாறி, அண்ணன் நிலத்துக்குரிய தொகை தம்பி பெயருக்குப் போய்விட்டால், அதைத் திருத்துவதற்கு அலைவது தனி வேலையாகிவிடும்.

அரசிதழ் அறிவிப்பின் நகல் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்யப்பட்ட நாளிலிருந்து 21 நாட்களுக்குள் உங்கள் ஆட்சேபத்தை எழுத்து மூலம் தர வேண்டும். அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி உங்களை நேரிலோ வழக்கறிஞர் மூலமோ கேட்டறிந்த பின்பே முடிவெடுக்க வேண்டும். "எங்கள் ஊருக்கே குழாய் வேண்டாம்" என்று மட்டும் எழுதும் மனு பெரும்பாலும் பயன் தராது. சட்டத்தின் ஏழாம் பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள்: அறிவிப்புக்கு முன்பே குடியிருப்பாகப் பயன்பட்ட நிலத்தின் அடியிலும், நிலையான கட்டடம் நிற்கும் இடத்தின் அடியிலும், வீட்டைச் சேர்ந்த மனையின் அடியிலும் குழாய் பதிக்கக் கூடாது, எங்கு பதித்தாலும் ஒரு மீட்டருக்குக் குறைவான ஆழத்தில் பதிக்கக் கூடாது. தோட்டத்து வீடோ மாட்டுக்கொட்டகையோ கிணற்று மோட்டார் அறையோ வரைபடத்தில் விடுபட்டிருந்தால், புகைப்படமும் மின் இணைப்பு அட்டையும் வீட்டு வரி ரசீதும் சேர்த்து, பாதையை இத்தனை மீட்டர் தள்ளி அமைக்கலாம் என்று மாற்று வழியையும் குறித்துக் கொடுத்தால், அது அதிகாரி பதில் சொல்லியே தீர வேண்டிய மனுவாகிவிடும்.

இழப்பீடு இரண்டு பகுதிகள் கொண்டது. பயிர், மரம், வேலி, பாசனக் குழாய் முதலியவற்றுக்கு ஏற்படும் சேதத்துக்கு ஒரு தொகை. பயன்பாட்டு உரிமைக்காக, மூன்றாம் பிரிவு அறிவிப்பு வெளியான நாளில் அந்த நிலத்துக்கு இருந்த சந்தை மதிப்பில் 10 விழுக்காடு மற்றொரு தொகை. தொகை போதாது என்றால் மாவட்ட நீதிபதியை அணுகலாம். இந்த 10 விழுக்காடுதான் விவசாயிகளின் மனக்குறைக்கு மூல காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குழாய் போன நிலத்தை விற்கப் போனால் விலை 10 விழுக்காட்டோடு குறைந்து நிற்பதில்லை. 1962-ல் எழுதிய விகிதத்தை, ஏக்கர் லட்சங்களைத் தாண்டிவிட்ட காலத்திலும் சட்டத்தில் அப்படியே வைத்திருப்பது நியாயமன்று.

தென்னைக்கு வருகிறேன். பயன்பாட்டு உரிமை பெற்ற பட்டையில் கட்டடம் கட்டவோ, கிணறோ குளமோ தோண்டவோ, மரம் நடவோ ஒன்பதாம் பிரிவு தடை செய்கிறது. மஞ்சள், நிலக்கடலை, சோளம், காய்கறி போன்றவற்றைத் தாராளமாகப் பயிரிடலாம். தென்னையும் மாவும் கூடாது. ஏற்கெனவே நிற்கும் தென்னைகளை வெட்ட நேர்ந்தால், மரத்தின் வயதையும் காய்ப்பையும் குறித்துப் பஞ்சநாமா (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு) எழுதும்போது நீங்கள் அவசியம் உடனிருங்கள்; வெட்டிய பிறகு எண்ணிக்கை பேசிப் பயனில்லை. பள்ளம் தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவித்து, மூடும்போது அதே வரிசையில் போடச் சொல்லுங்கள். இரண்டும் கலந்துவிட்டால் பல பருவங்களுக்கு அந்தப் பட்டையில் மட்டும் பயிர் சோடையாகவே நிற்கும்.

கொங்கு மாவட்டங்களில் இது ஏன் இவ்வளவு பெரிய போராட்டமாயிற்று என்று வேறு சில வாசகர்களும் கேட்டிருந்தார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களின் விளைநிலங்கள் வழியே செல்லவிருந்த கெயில் நிறுவனத்தின் பாதையை நெடுஞ்சாலை ஓரமாக மாற்றுமாறு 2013-ல் மாநில அரசு உத்தரவிட்டது. அந்த ஆண்டே சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. வழக்கில் வென்றும் வேலை உடனே நடக்கவில்லை. கிருஷ்ணகிரி–கோவை இடையிலான 323 கிலோமீட்டர் பகுதிக்கு அடிக்கல் நாட்டியது 2024 ஜனவரியில்தான். தீர்ப்பைக் காட்டி நிலத்துக்குள் நுழைவதைவிட, முதலிலேயே ஊர் ஊராக உட்கார்ந்து பேசி, வீட்டையும் கிணற்றையும் தவிர்த்து, கூடுதல் தொகையும் கொடுத்திருந்தால் காலமும் செலவும் மிஞ்சியிருக்கும் என்பதே என் கணிப்பு.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் குழாய் எரிவாயு இணைப்புக் கொடுக்கிறார்கள். சிலிண்டரைவிட இது பாதுகாப்பானதா? பழைய அடுப்பு பயன்படுமா?
– இல்லத்தரசி, வேளச்சேரி

சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. அது காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். காற்றின் எடையில் ஏறத்தாழ பாதியளவே இருப்பதால் மேலே எழுந்து வெளியேறிவிடும். அழுத்தத்திலும் பெரிய வேறுபாடு உண்டு. சிலிண்டருக்குள் வாயு அழுத்தித் திரவமாக்கப்பட்டிருக்கும். உங்கள் சமையலறைக் குழாயில் இருப்பது 21 மில்லிபார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைவிட நூற்றில் இரண்டு பங்கு மட்டுமே கூடுதல். இந்த இரண்டு காரணங்களால் குழாய் எரிவாயு பாதுகாப்பானது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் "மேலே எழுந்து வெளியேறிவிடும்" என்பது வெளியேற வழியிருக்கும் வீட்டுக்கே பொருந்தும். மரவேலைப்பாட்டுக்காகக் கூரைக்கடியில் பொய்க்கூரை போட்டு, சன்னலையும் அடைத்துவிட்ட சமையலறையில் கசியும் மீத்தேன் அந்த இடைவெளியிலேயே தேங்கும். காற்றில் 5 விழுக்காட்டை எட்டினால் தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். மேற்பக்கத்தில் காற்றுத் துளை வையுங்கள். இணைப்புத் தருபவர்கள் குழாய் ஓடும் வழியை அலமாரிக்குள் மறைக்கச் சம்மதித்தாலும் நீங்கள் சம்மதிக்காதீர்கள். அடுப்புக்கு அருகே ஒன்றும் சமையலறைக்கு வெளியே ஒன்றுமாக இருக்கும் அடைப்பு வால்வுகள் எங்கே உள்ளன என்பது வீட்டுப் பிள்ளைகளுக்கும் வேலைக்கு வருபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய அடுப்பு பயன்படும். ஆனால் அதன் பர்னரில் உள்ள ஜெட்டை, அதாவது வாயு வெளிவரும் சிறு துளைமுனையை, நிறுவனத்தின் பணியாளர் மாற்றித்தர வேண்டும். மீத்தேனுக்குக் கனமீட்டருக்கான வெப்பம் குறைவு என்பதால் துளை பெரிதாக இருக்க வேண்டும். அப்படி மாற்றிய அடுப்பை மறுபடி சிலிண்டரில் இணைத்தால் சுவாலை ஆபத்தான அளவுக்கு உயர்ந்து எழும்; பழைய அடுப்பை ஊருக்குக் கொடுத்தனுப்பும்போது இதை மறந்துவிடாதீர்கள். கணக்குக்காக ஒரு தகவல்: 14.2 கிலோ சிலிண்டர் தரும் வெப்பத்தைத் தர ஏறத்தாழ 17, 18 கனமீட்டர் குழாய் எரிவாயு வேண்டும். மாதக் கட்டணச் சீட்டை இதை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

2014-ல் ஆந்திராவின் நகரம் கிராமத்தில் குழாய் வெடித்து மக்கள் மாண்டார்கள். அப்படி இங்கே நடக்காது என்பதற்கு என்ன உறுதி? புதைத்த குழாயை எப்படிச் சோதிக்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

அப்போதைய கிழக்கு கோதாவரி மாவட்டத்தின் நகரம் கிராமத்தில் 2014 ஜூன் 27 விடியற்காலையில் நடந்த அந்த விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலர்ந்த வாயுவுக்கென அமைந்த குழாயில் நீரும் திரவக் கசடும் கலந்த ஈர வாயு ஓடியதும், அதனால் குழாயின் உட்புறம் அரித்துப்போனதும் காரணமாகச் சுட்டப்பட்டன. பிரதானக் குழாய்களில் வாயுவுக்கு மணம் சேர்க்கும் வழக்கம் நம் நாட்டில் பொதுவாக இல்லை. மெர்காப்டன் எனும் நாற்றப்பொருள், நகருக்குள் நுழையும் நிலையத்தில்தான் கலக்கப்படுகிறது. எனவே வயல்வெளியில் கசியும் வாயுவை மூக்கு கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

புதைத்த குழாயைக் காக்கும் ஏற்பாடுகள் பல அடுக்குகள் கொண்டவை. எஃகுக் குழாயின் மேல் மூன்று அடுக்குப் பாலிஎத்திலீன் பூச்சு இருக்கும். பூச்சில் எங்காவது கீறல் விழுந்தாலும் அரிப்பு தொடங்காதபடி, குழாய்க்கு மெல்லிய நேர்மின்னோட்டம் செலுத்துவார்கள். குழாய் செல்லும் ஊர்களில் வரப்போரம் சிறு பெட்டியுடன் ஒரு கம்பம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் மூடியைத் திறந்து மின்னழுத்தம் அளக்கும் ஊழியர் சோதிப்பது இதைத்தான். செம்பு–செம்புசல்பேட் மின்முனையை ஒப்பிட்டால் எண் கழித்தல் 0.85 வோல்ட் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். அந்தக் கம்பத்தில் மாடு கட்டுவதையும் கம்பியை அறுத்து எடுத்துப் போவதையும் ஊரார் தடுத்தால் அதுவே பெரிய உதவி.

உட்புறத்தைப் பார்ப்பதற்குப் பிக் என்று அழைக்கப்படும் கருவி உண்டு. குழாயின் விட்டத்தை நிறைத்துக்கொண்டு வாயுவின் உந்துதலாலேயே உள்ளே நகர்ந்து செல்லும் அது, தன்னிடமுள்ள காந்தங்களால் குழாய்ச் சுவரைக் காந்தமாக்கி, உலோகம் மெலிந்துள்ள இடங்களில் காந்தப்புலம் கசிவதைப் பதிவு செய்துகொண்டே போகும். மறுமுனையில் எடுத்துப் பதிவுகளைப் படித்தால், எத்தனையாவது கிலோமீட்டரில், குழாயின் எந்தப் பக்கத்தில், சுவர் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பது தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், பழைய உள்ளூர்க் குழாய்கள் பலவற்றில் விட்டம் இடையிலேயே மாறும், வளைவுகள் குறுகலாக இருக்கும், கருவியை உள்ளே விடவும் வெளியே எடுக்கவும் அமைப்பே இருக்காது. வலைப்பின்னலை நவீனமாக்குவது என்று பேசும்போது என் மனத்தில் முதலில் வருவது இந்தப் பழைய குழாய்கள்தான். புதிய பாதைக்குக் கிடைக்கும் நிதியும் கவனமும் அவற்றுக்கும் கிடைக்க வேண்டும். கோதாவரிப் படுகையில் பல குழாய்களை மாற்றியது விபத்துக்குப் பிறகுதான்.

குழாயில் இடைவெளி விட்டு அடைப்பு வால்வு நிலையங்கள் உண்டு. ஆளரவம் குறைந்த பகுதியில் 32 கிலோமீட்டருக்கு ஒன்று இருந்தால் போதும். வீடுகள் பெருகப் பெருக அது 24, 16 என்று குறைந்து, மாடிக் கட்டடங்கள் நெருங்கிய பகுதியில் 8 கிலோமீட்டருக்கு ஒன்றாக வேண்டும். குழாயின் தடிமனும் அதற்கேற்ப மாறும். இந்த வகைப்பாடு குழாய் பதித்த நாளில் செய்வது. நேற்று நிலக்கடலை விளைந்த இடம் இன்று மனைப்பிரிவாகிவிடும் நம் ஊர்களில், வகைப்பாட்டை அவ்வப்போது திருத்தாவிட்டால் கணக்கு பொய்த்துவிடும். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அலுவலகத்துக்கும் குழாய் நிறுவனத்துக்கும் இடையே வரைபடப் பரிமாற்றம் கட்டாயமாக வேண்டும்.

மற்றொரு பெரிய ஆபத்து மண்வாரி இயந்திரம். பெல்ஜியத்தின் கிலெங்கியனில் 2004 ஜூலை 30 அன்று 24 பேர் இறந்த வெடிப்புக்குக் காரணம், சில வாரங்களுக்கு முன் கட்டுமான இயந்திரம் குழாயில் ஏற்படுத்திய கீறல். அன்று உடையாத குழாய், அழுத்தத்தைக் கூட்டியபோது உடைந்தது. இயந்திரம் குழாயில் பட்டுவிட்டால், கசிவு தெரியவில்லையே என்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவதைவிடக் கொடிய செயல் வேறில்லை. தோண்டுவதற்கு முன் தகவல் சொல்வதற்காக 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலியைத் தொடங்கியிருக்கிறது. நம் ஒப்பந்தக்காரர்களுள் எத்தனை பேர் அதைத் திறந்து பார்க்கிறார்கள் என்பதே கேள்வி.

சாயப்பட்டறைக்கு விறகும் சிலிண்டரும் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. குழாய் எரிவாயு வந்தால் செலவு குறையுமா?
– தொழில்முனைவோர், திருப்பூர்

எந்த இயந்திரத்துக்கு என்பதைப் பொறுத்தது. துணி உலர்த்தும் ஸ்டென்டருக்குச் சிலிண்டர் வாயு பயன்படுத்துபவர்களுக்கு மாற்றம் எளிது; சூடு சீராக நிற்கும், இருப்பு வைக்கும் தொல்லையும் இல்லை. விறகு பாய்லரில் நீராவி எடுப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். வெப்பத்துக்கு வெப்பம் ஒப்பிட்டால் விறகோடு போட்டியிடுவது எரிவாயுவுக்குக் கடினம்.

குழாய்க் கட்டணத்தைப் பொறுத்தவரை நிலைமை முன்னைவிட மேல். முன்பு வாயு மூன்று நிறுவனங்களின் குழாய்களைக் கடந்து வந்தால் மூன்று கட்டணங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன; தொலைவில் இருந்தவர் தண்டம் கட்டினார். 2023 ஏப்ரல் 1 முதல் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் இணைந்த குழாய்களுக்கெல்லாம் ஒரே கட்டண முறையைக் கொண்டுவந்து, தொலைவைப் பொறுத்து மூன்று மண்டலங்களாகப் பிரித்தது. பின்னர் அது இரண்டாகக் குறைக்கப்பட்டது. ஆனால் வாயுவின் விலை டாலரில் ஏறி இறங்குவது. 2022-ல் உலகச் சந்தையில் விலை எகிறியபோது, குஜராத்தின் மோர்பியிலுள்ள பீங்கான் ஓட்டுத் தொழிற்சாலைகள் வாசலில் குழாய் இருந்தும் புரொப்பேனுக்கு மாறின. இயற்கை எரிவாயு இன்னும் சரக்கு–சேவை வரிக்குள் வராததால், அதற்குக் கட்டும் வரியை உள்ளீட்டு வரியாக நீங்கள் கழித்துக்கொள்ளவும் முடியாது. இரண்டு எரிபொருளிலும் இயங்கும் பர்னரை வாங்குங்கள். ஒப்பந்தத்தில், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டிய குறைந்தபட்ச அளவைக் கவனமாகப் படித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் குழாய் வருமென்கிறார்களே, அதில் சமையல் எரிவாயு வருமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

இரு அரசுகளும் 2023 ஜூலையில் பேசிய திட்டம் பெட்ரோல், டீசல் போன்ற பெட்ரோலியப் பொருள்களுக்கான குழாய். இயற்கை எரிவாயுவுக்கானது அன்று. திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் 2025 ஏப்ரலில் செய்துகொண்ட உடன்பாடும் அந்தத் தொடர்ச்சியே. மன்னார்ப் படுகையில் 2011-ல் இரண்டு கிணறுகளில் வாயு கண்டறியப்பட்டும் அது இன்னும் கரைக்கு வரவில்லை. உங்கள் அடுப்புக்குச் சிலிண்டரே துணை.

இதே குழாய்களில் நாளை ஹைட்ரஜனை அனுப்பலாம் என்கிறார்களே, முடியுமா?
– பொறியியல் மாணவி, திருச்சி

சிறிதளவு கலக்க முடியும். இந்தூர் நகர வலையில் 2022-ல் 2 விழுக்காடு கலந்து பார்த்தார்கள். குஜராத்தின் காவாஸ் குடியிருப்பில் 2023-ல் 5 விழுக்காட்டில் தொடங்கி 8 விழுக்காடு வரை சென்றார்கள். இவை அழுத்தம் குறைந்த நகரக் குழாய்கள். நெடுந்தொலைவுக் குழாயின் வலுவான எஃகில், உயர் அழுத்தத்தில், ஹைட்ரஜன் அணுக்கள் ஊடுருவி உலோகத்தை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். சிறு வெடிப்பு இருந்தால் விரைந்து நீளும். மேலும், ஒரே பருமனில் ஹைட்ரஜன் தரும் வெப்பம் மீத்தேனில் மூன்றில் ஒரு பங்குதான். பருமனில் 10 விழுக்காடு கலந்தால் கரிம உமிழ்வு குறைவது 3 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். எனவே புதிதாகப் பதிக்கும் குழாய்க்கு எஃகையும் பற்றவைப்பையும் ஹைட்ரஜனையும் மனத்தில் கொண்டு தேர்ந்தெடுப்பது நல்லது. ஏற்கெனவே புதைந்திருப்பவற்றை, அவற்றின் பற்றவைப்புப் பதிவுகளையும் பிக் ஓட்டிய முடிவுகளையும் பார்த்த பின்பு, ஒவ்வொரு பகுதியாகத்தான் தீர்மானிக்க வேண்டும்.